மகாமகம் கழியட்டும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்த முன்னோர், வீட்டை விற்றுப் பார் என்று ஒரு வார்த்தையைச் சேர்க்கவில்லை. அவர்களுக்கு அந்த அனுபவம் அரிது. வீடு மகனுக்கும் பேரனுக்கும் கைமாறிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்தும் போய்விட்ட பிறகு, கோயில் நகரங்களின் சந்நிதித் தெருக்களிலும் மடவளாகங்களிலும் பூட்டிய கதவுகள் பெருகிவிட்டன. ‘இவ்வீடு விற்பனைக்கு’ என்ற பலகை வெயிலில் வெளுத்துத் தொங்குகிறது. தொலைபேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் அழிந்துபோன பலகைகளும் உண்டு.

காவிரிக் கரையின் எந்தக் கோயில் நகரத்திலும் காணக்கூடிய ஒரு குடும்பத்தின் வரலாறு இது. ஊர் கும்பகோணம் என்று வைத்துக்கொள்ளலாம். பெயர்கள் தேவையில்லை.

பள்ளி ஆசிரியராக இருந்த தந்தை, 1974ஆம் ஆண்டு தம் சம்பளச் சேமிப்பில் வாங்கிய வீடு. அகலம் 22 அடி, நீளம் 140 அடி. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாம் கட்டு, கிணறு, கொல்லை என்று ரயில் பெட்டிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக நீளும் அமைப்பு. 2012இல் அவர் உயில் எழுதாமல் காலமானார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, இரு மகன்கள், ஒரு மகள் ஆகிய நால்வருக்கும் சமபங்கு. மூத்தவர் சென்னையில், இளையவர் அமெரிக்காவில், மகள் தஞ்சாவூரில். அத்தனை நீள வீட்டில் தாயார் தனியாக இருந்தார். இரவில் கொல்லைக் கதவைத் தாழிட்டுவிட்டு வாசலுக்கு வருவதே அவருக்கு ஒரு பயணமாயிற்று.

தாயாரின் விருப்பம் மிகச் சிறியது. “மாடி வேண்டாம். தரையோடு ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. பெருமாள் கோயிலுக்கு நடந்து போகிற தூரம் இருந்தால் போதும். என் பங்கில் அது வந்துவிடும்.”

2015 ஐப்பசியில் பாத்திர வியாபாரி ஒருவர் 72 லட்சம் தர முன்வந்தார். அந்தக் கணக்கில் ஒருவருக்கு 18 லட்சம். தாயார் கேட்ட அளவிலான தரைத்தளக் குடியிருப்பு அவ்வூரில் அன்று அந்தப் பணத்துக்குள் அடங்கியது. மூத்தவர் சம்மதிக்கவில்லை. எதிர்வரிசையில் ஒரு வீடு 90 லட்சத்துக்குப் போனதாக அவர் கேள்விப்பட்டிருந்தார். அடுத்த மாசியில், 2016 பிப்ரவரி 22 அன்று மகாமகம். ஊருக்குச் சாலைகள் வரும், விளக்குகள் வரும், வெளியூர்ப் பணம் வரும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம். “அடிமாட்டு விலைக்குக் கொடுப்பதா? மகாமகம் கழியட்டும்” என்றார். இளையவர் அமெரிக்காவிலிருந்து அதையே ஆமோதித்தார். மகள் ஒன்றும் சொல்லவில்லை. பிறந்த வீட்டுச் சொத்தைப் பற்றிப் பெண் வாய் திறந்தால் அதற்கு என்ன பொருள் கற்பிக்கப்படும் என்பது அவருக்குத் தெரியும்.

எதிர்வரிசை வீட்டின் கதையைப் பின்னால் ஒருவர் விசாரித்தார். அதன் அகலம் 30 அடி. பக்கத்தில் ஒரு சந்து இருந்ததால் கார் உள்ளே போக வழியிருந்தது. வில்லங்கச் சான்றில் பதிவாகியிருந்த விலை 78 லட்சம். 90 என்பது கோயில் மண்டபத்தில் வளர்ந்த தொகை. அண்டை அயல் விற்பனைகளை அறிய விரும்புவோர், பதிவுத்துறையின் இணையதளத்தில் அந்தச் சர்வே எண்களுக்கான வில்லங்க விவரத்தைத் தாங்களே பார்க்கலாம். பதிவான விலை சில நேரம் உண்மையைவிடக் குறைவாக இருக்கும் என்பது மெய்தான். ஆயினும் செவிவழித் தொகையைவிட அது நம்பத்தக்கது.

மகாமகம் கழிந்தது. இலட்சோப இலட்சம் பேர் நீராடிச் சென்றனர். அவர்களில் எவரும் 22 அடி அகல வீடு கேட்டு வந்தவரல்லர். அவ்வாண்டு செப்டம்பரில், அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த உத்தரவு பழைய வீடுகளைத் தொடவில்லை. ஆனால் மனையை விற்றுத்தான் வீடு வாங்க வேண்டியிருந்தவர்களின் கை கட்டப்பட்டது. நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவையாயின. பாத்திர வியாபாரி அதன்பின் தொலைபேசியை எடுக்கவில்லை.

சந்தை மந்தம் என்கிற சொல்லைப் பலரும் வானிலை போலப் பயன்படுத்துகிறார்கள். அதன் உள்ளே இருப்பது பெரும்பாலும் வாங்குபவரின் கைப்பணக் கணக்குதான். அதை விற்பவர் ஒருமுறையாவது தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். வங்கிகள் 30 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம் வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கி வகுத்த வரம்பு. சொத்து மதிப்பு என்பது விற்பவர் சொல்லும் விலையன்று. வங்கியின் மதிப்பீட்டாளர் எழுதித் தருவது. சுண்ணாம்புக் காரையும் ஓட்டுக் கூரையுமாக நிற்கும் பழைய கட்டடத்துக்கு அவர் எழுதும் தொகை மிகச் சொற்பம்; அநேகமாக நிலத்தின் மதிப்பு மட்டுமே. தேக்குத் தூண்களை அவர் தட்டிப் பார்ப்பார், ரசிப்பார், கணக்கில் சேர்க்கமாட்டார்.

72 லட்சம் கேட்கும் வீட்டை அவர் 60 லட்சம் என்று மதித்தால் கடன் 48 லட்சம். மீதி 24 லட்சம் கையிலிருந்து வர வேண்டும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அதற்கு மேல். தமிழ்நாட்டில் 2017 ஜூன் மாதம் வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைக்கப்பட்டது. அதே வேளையில் பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாயிற்று. முத்திரைத் தீர்வை 7 சதவீதத்துடன் சேர்த்தால் 11 சதவீதம். வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பதிவு செய்துவிட்டு மீதியை மறைவாகக் கொடுப்பவருக்கு இதனால் சுமை ஏறவில்லை. வங்கிக் கடன் வாங்கி முழு விலையையும் பத்திரத்தில் எழுதும் மாதச் சம்பளக்காரருக்கோ 72 லட்சத்துக்கு ஏறத்தாழ 8 லட்சம் பதிவுச் செலவு. 24 உடன் 8 சேர்ந்து 32 லட்சம். நேர்மையாக வாங்க வந்தவரே அதிகம் தயங்கிய காலம் அது. 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பு மீண்டும் பழைய நிலைக்கு உயர்த்தப்பட்டுப் பதிவுக் கட்டணம் 2 சதவீதமாகக் குறைந்தபோது அந்தச் சுமை ஓரளவு இறங்கியது.

2017 இறுதியில் வந்த ஒருவர், “70 தருகிறேன், 45 பத்திரத்தில், 25 கையில்” என்றார். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது 2015 ஜூன் முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. பெற்ற தொகை முழுவதையும் அபராதமாகக் கட்ட நேரிடும். இளையவர் இந்தச் சட்டத்தை விளக்கத் தொடங்கினார். தாயாருக்குச் சட்டம் தேவைப்படவில்லை. “அவர் ஒவ்வொரு மாதச் சம்பளத்திலும் கட்டி வாங்கிய வீடு. கணக்கில் எழுத முடியாத காசு இந்த வாசலுக்குள் வர வேண்டாம்” என்று சொல்லிவிட்டார். எட்டு ஆண்டுகளில் அந்த வீட்டைக் குறித்து எடுக்கப்பட்ட முடிவுகளில் தாமதமின்றி எடுக்கப்பட்டது அது ஒன்றே.

2018இல் ஒரு கிரய உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. முன்பணம் 2 லட்சம், ஆறு மாதக் கெடு, முறைப்படி பதிவு. வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைக்கவில்லை. வேலை மாற்றலாகி அவர் கோயம்புத்தூர் சென்றுவிட்டார். கெடு முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று குடும்பம் நினைத்தது. வில்லங்கச் சான்றில் அந்தப் பதிவு நின்றுகொண்டே இருந்தது. அடுத்து வந்த இருவரின் வழக்கறிஞர்கள் அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு, ‘வேறு வீடு பாருங்கள்’ என்று கட்சிக்காரர்களிடம் சொல்லிவிட்டனர். உடன்படிக்கை முறிந்தால் இரு தரப்பும் கையெழுத்திட்டு ரத்து ஆவணம் பதிவு செய்ய வேண்டும். கோயம்புத்தூர்க்காரர், முன்பணம் திரும்பினால்தான் கையெழுத்து என்றார். முன்பணத்தைப் பறிமுதல் செய்ய உடன்படிக்கையில் இடமிருக்கிறது என்றார் மூத்தவர். ஓராண்டுக்கு மேல் இழுத்தது. இறுதியில் தாயார் தம் வைப்புத்தொகையை உடைத்து 2 லட்சத்தைத் திருப்பினார். அந்த வாரமே கையெழுத்து வந்தது. பேச்சு முறிந்தவுடன் ரத்து ஆவணத்தை எழுதி வாங்கிவிடுவதே வழி. காலம் கடந்தால் மறுதரப்பு ஊர் மாறும், மனம் மாறும்.

அதன்பின் 2020 மார்ச். ஊரடங்கு.

இதற்கிடையே வீடு சும்மா இருக்கவில்லை. பூட்டிய வீடு குடியிருக்கும் வீட்டைவிட விரைவாகத் தேயும். தாயார் ஆண்டில் பாதி நாள் தஞ்சாவூரில் மகள் வீட்டிலும், சில மாதம் சென்னையிலும், மீதியை இங்குமாகக் கழிக்கத் தொடங்கியிருந்தார். ஓடு மாற்றியது, முற்றத்துச் சரிவில் கசிவு அடைத்தது, கிணறு தூர் வாரியது, சொத்து வரி என்று ஐந்து லட்சத்துக்கு மேல் போயிற்று. அது கண்ணுக்குத் தெரிந்த செலவு. தெரியாத செலவு வேறு. 2015இல் வந்த 72 லட்சம் வெறும் 6 சதவீதக் கூட்டுவட்டியில் வங்கியில் கிடந்திருந்தாலும் எட்டாண்டில் ஏறத்தாழ 1 கோடியே 15 லட்சம் ஆகியிருக்கும். அப்படியானால் எட்டாண்டு பொறுத்து 90 லட்சம் கிடைத்திருந்தாலும் அது நட்டமே. ‘நல்ல விலை வரும்வரை காத்திருக்கிறோம்’ என்று சொல்பவர்கள், காத்திருப்பதற்கும் ஒரு விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த விலையைக் குடும்பத்தில் யார் கொடுக்கிறார் என்பதுதான் கேள்வி. ஐம்பது வயது மகனுக்கு எட்டாண்டு என்பது வேறு; எழுபத்தொரு வயது தாய்க்கு எட்டாண்டு என்பது வேறு.

வேண்டுதல்களும் குறைவின்றி நடந்தன. மனை, நிலச் சிக்கல்களுக்கு மண்ணச்சநல்லூர் பூமிநாதரை வழிபடுவது காவிரிக் கரையில் நெடுநாள் வழக்கம். தங்கள் மனையின் மண்ணை எடுத்துச் சென்று வைத்து வேண்டுவர். மகள் தாயாரை அங்கே அழைத்துச் சென்றார். பூமிகாரகனான செவ்வாய்க்கு வைத்தீஸ்வரன் கோயிலில் அர்ச்சனை செய்தார். சென்னையிலுள்ள மருமகள், சொந்த வீடு வேண்டுவோர் நாடும் சிறுவாபுரி முருகனை ஆறு செவ்வாய் தரிசித்தார். வாங்க வேண்டுபவர் செல்லும் தலத்துக்கு விற்க வேண்டுபவர் செல்லலாமா என்று ஒரு விவாதமும் வீட்டில் நடந்தது. நமக்கு வேண்டியதைத்தான் அங்கே வரிசையில் நிற்பவர்களும் கேட்கிறார்கள், ஒருவரை இங்கே அனுப்பிவைக்கட்டும் என்று மருமகள் சொன்னது நியாயமாகவே பட்டது. இந்த வழிபாடுகளில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் சந்நிதியிலிருந்து வீடு திரும்பியதும் அதே 90 லட்சத்தைத் தரகரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தரகர்களும் ஒருவரல்லர், நால்வர். ஒருவரிடம் 90, மற்றவரிடம் 85, மூன்றாமவரிடம் 80. நான்காமவர் தாமாகவே ‘75க்கு முடித்துத் தருகிறேன்’ என்று ஊரெல்லாம் சொல்லிவந்தார். வாங்க வருகிறவர் நால்வரிடமும் கேட்பார். ஒரே வீட்டுக்கு நான்கு விலை என்றால் ஐந்தாவதாக இன்னும் குறைந்த விலை ஒன்று இருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்வது இயல்பு.

2022இல் மூத்தவருக்கு அறுபது நிறைந்தது. திருக்கடையூரில் சஷ்டியப்தபூர்த்தி. அமெரிக்காவிலிருந்து இளையவரும் வந்திருந்தார். மாலை மாற்றி, ஆசி பெற்று, உணவு முடித்து எல்லோரும் அமர்ந்திருந்தபோது வழக்கம்போல் வீட்டுப் பேச்சு எழுந்தது. 85க்குக் கீழே இறங்குவது முறையல்ல என்றார் இளையவர். இன்னும் இரண்டு மூன்று ஆண்டில் சந்தை எழும் என்றார். அதுவரை இந்தப் பேச்சில் வாய் திறவாத மகள், “அண்ணா, அடுத்த மகாமகம் 2028. அப்போது அம்மாவுக்கு என்ன வயது?” என்று கேட்டார். எண்பத்து நான்கு. அதை யாரும் உரக்கச் சொல்லவில்லை.

பிறகு அவர் இளையவரைப் பார்த்து இன்னொன்றும் கேட்டார். “வீடு 85 பெறும் என்றால், அந்த விலைக்கு எங்கள் மூன்று பங்கையும் நீயே எடுத்துக்கொள். வெளியாருக்குப் போக வேண்டாமே. நாங்கள் விடுதலைப் பத்திரம் எழுதித் தருகிறோம்.” குடும்பத்தாருக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அன்று அதற்கு உச்சவரம்பு 25,000 ரூபாய் (2023 ஜூலையில் அது 40,000 ஆயிற்று). வெளியாள் வாங்குவதைவிட எவ்வளவோ மலிவு. இளையவரிடம் பணமும் இருந்தது. சற்று நேரம் யோசித்துவிட்டு, “அந்த ஊரில் அவ்வளவு பணத்தை யார் முடக்குவார்கள்?” என்றார். சொன்ன பிறகே தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கு விளங்கியது. 75க்கு? வேண்டாம். 65க்கு? பார்க்கலாம், ஆனால்... என்று இழுத்தார். தாமே வாங்கத் துணியாத விலையை அயலார் தர வேண்டும் என்று ஏழாண்டுகளாக எதிர்பார்த்திருக்கிறார்கள்.

அன்று மாலையே ஒரு தாளில் எழுதினார்கள்: கேட்கும் விலை 68. எவரையும் கேளாமல் தாயாரே ஒப்புக்கொள்ளக்கூடிய கீழ்விலை 62. தரகர் ஒருவர் மட்டும். நால்வரும் கையெழுத்திட்டனர். அந்தக் கீழ்விலையைத் தரகரிடம் சொல்வதில்லை என்பதும் உடன்பாடு.

பத்திரங்களைத் திரட்டவே அவர்களுக்குப் பல மாதங்கள் ஆயின. தாய்ப் பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, நால்வர் பெயருக்கும் மாற்றிய நகர நில அளவைப் பதிவேடு, சொத்து வரி ரசீது ஆகியவற்றை ஒரே கோப்பில் அடுக்கினார்கள். இளையவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையொப்பமிட்டு அனுப்பிய பொது அதிகாரப் பத்திரம், இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரையிடப்பட்டது. வெளிநாடு வாழ்பவரின் பங்குக்கு வாங்குபவர் பிடித்துச் செலுத்த வேண்டியிருந்த வரி வழக்கமான 1 சதவீதமன்று, அன்று அது 20 சதவீதத்துக்கும் மேல். வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே குறைந்த பிடித்தத்துக்கான சான்று பெற்றிருந்தால்தான் கடைசி நேரத்தில் வாங்குபவர் மிரளமாட்டார். அதையும் பெற்றனர். இந்தக் கோப்பைப் பார்த்த பிறகே தரகர் வீட்டைச் சிரத்தையுடன் காட்டத் தொடங்கினார் என்பது கவனிக்கத்தக்கது.

வீட்டைக் காட்டும் முறையும் மாறியது. முற்றத்துக் கசிவை மறைக்க முன்பு வெள்ளையடித்து வைத்திருந்தார்கள். ஒரே மழையில் அது மஞ்சளாகி, மறைத்ததையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்தது. இம்முறை கசிவு இருக்கும் இடத்தையும், அதைச் சரிசெய்யக் கொத்தனார் சொன்ன தொகையையும் தாயார் தாமே சொன்னார். இரு பக்கமும் பொதுச்சுவர் என்பதையும் சொன்னார். கிணறு இருக்கும் திசை வாஸ்துப்படி சரியில்லை என்று ஒருவர் பேரம் பேசினார். அந்த வரிசையில் அத்தனை வீடுகளிலும் கிணறு அதே திசையில்தான் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் அங்கே வாழ்ந்து பெருகியிருக்கின்றன. தாயார் வாதிடவில்லை. “உங்கள் மனத்துக்கு ஒப்பவில்லை என்றால் வாங்காதீர்கள். பிறகு ஒவ்வொரு தலைவலிக்கும் கிணற்றைப் பார்ப்பீர்கள்” என்று மோர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

யாருமே பார்க்க வராவிட்டால் குறை விலையில் இருக்கிறது. வந்து பார்த்தவர் இரண்டாம் முறை வராவிட்டால் வீட்டின் நிலையில் இருக்கிறது. இரண்டு மூன்று முறை வந்து, குடும்பத்தையும் அழைத்து வந்து, அதன்பின் காணாமற்போனால் பத்திரத்திலோ கடனிலோ இருக்கிறது. முதல் வகைக்கு வெள்ளையடிப்பதும், மூன்றாம் வகைக்கு விலை குறைப்பதும் வீண் செலவு. பலரும் இதைத்தான் செய்கிறார்கள்.

மாதங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிரகப்பிரவேசத்துக்கு ஆனி, ஆடி, புரட்டாசி, மார்கழி, மாசி, பங்குனி ஆகிய மாதங்களைப் பலர் தவிர்ப்பர். ஆடியில் ஆள் வரவில்லை என்று கலங்கி விலையைக் குறைப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: ஆடியில் பத்திரம் எழுதமாட்டார்களே ஒழிய, வீடு பார்ப்பதற்குத் தடையில்லை. வங்கிக் கடன் கைக்கு வர ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ ஆகும். ஆவணியில் குடிபுக விரும்புகிறவர் ஆனிக் கடைசியில் தேடத் தொடங்கினால்தான் கணக்குச் சரிவரும்.

2023 ஆனியின் கடைசி வாரத்தில் வந்தவர்கள் அப்படிப்பட்டவர்கள்தாம். கணவர் கல்லூரி ஆசிரியர், மனைவி மருத்துவமனைச் செவிலியர். வாடகை வீட்டில் பன்னிரண்டு ஆண்டு. அவர்களுக்குக் கார் இல்லை. ஆகவே கார் நுழையாத வாசல் ஒரு குறையாகத் தோன்றவில்லை. முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்த அவர்களின் சிறுமகள், மழை உள்ளேயே பெய்யுமா என்று கேட்டாள். வங்கி 58 லட்சம் மதித்தது. கடன் 46 லட்சத்து 40 ஆயிரம். 64 லட்சத்தில் பேச்சு முடிந்தது. மீதி 17 லட்சத்து 60 ஆயிரமும், 9 சதவீதப் பதிவுச் செலவு 5 லட்சத்து 76 ஆயிரமும் அவர்கள் கையிலிருந்து வர வேண்டியிருந்தது. நகையை வைத்தும் வருங்கால வைப்புநிதியில் எடுத்தும் திரட்டினார்கள். இந்தக் கணக்கைத் தாயார் கேட்டுத் தெரிந்துகொண்டார். 68 என்று பிடிவாதமாக நின்றிருந்தால் அவர்களால் இயன்றிராது.

ஆவணியில் ஒரு சுபமுகூர்த்த நாள். அத்தகைய நாள்களில் பதிவுத்துறை, ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகங்களுக்கு 100 டோக்கனுக்குப் பதில் 150 வழங்குவது வழக்கம். கூட்டம் நெருக்கியது. தாயாரின் விரல்ரேகை கருவியில் மூன்று முறை பதியவில்லை. அறுபது ஆண்டு பாத்திரம் தேய்த்த விரல். ஈரத்துணியால் துடைத்து நான்காம் முறை வைத்தபோது பதிந்தது.

முதல்நாள் மாலை பூஜையறையைக் காலி செய்திருந்தார்கள். சாளக்கிராமங்களுக்கு நித்திய பூஜை நடக்க வேண்டும். தம்மால் இனி முடியாது என்பதால், நாள்தோறும் ஆராதனை செய்யும் உறவினர் ஒருவரிடம் தாயார் அவற்றை ஒப்படைத்தார். குலதெய்வப் படமும் காமாட்சி விளக்கும் அவருடன் சென்றன. துளசி மாடத்தைப் பெயர்க்க வேண்டாம் என்றார். புதிதாக வருகிறவள் தண்ணீர் ஊற்றுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

ஒரு பங்கு 16 லட்சம். தந்தை 2001க்கு முன் வாங்கிய வீடு என்பதால் 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை வாங்கிய விலையாகக் கொண்டு, பணவீக்கக் குறியீட்டால் உயர்த்தி, மிஞ்சும் ஆதாயத்துக்கு 20 சதவீத வரி என்பது அன்றைய முறை. 2024 ஜூலை 23க்குப் பின் குறியீடு இல்லாமல் 12.5 சதவீதம் என்றாயிற்று; அதற்கு முன் வாங்கிய வீட்டை விற்கும் உள்நாட்டுத் தனிநபர், இரண்டில் வரி எதில் குறைவோ அதைத் தேர்ந்துகொள்ளலாம். இரண்டாண்டுக்குள் வேறு வீடு வாங்கினால் வரிவிலக்கும் உண்டு. தாயாரால் வாங்க முடியவில்லை. 2015இல் 18 லட்சத்துக்குள் இருந்த தரைத்தளக் குடியிருப்பு இப்போது 30 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் தங்கள் பங்கிலிருந்து சேர்த்துத் தர முன்வந்தனர். “இந்த வயதில் எதற்கு இன்னொரு வீடு? அதையும் நீங்கள் விற்க வேண்டும்” என்று மறுத்துவிட்டார்.

வரியும் இதர செலவும் போக 15 லட்சத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டார். 8.2 சதவீத வட்டியில் காலாண்டுக்கு 30,750 ரூபாய். மாதம் 7,000 வாடகையில் சாரங்கபாணி கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளித் தரையோடு ஒரு பகுதி கிடைத்தது. ஓர் அறை, ஒரு சமையற்கட்டு.

மூட்டுவலியால் நாள்தோறும் கோயிலுக்கு நடக்க இயலவில்லை. சனிக்கிழமைகளில் வீட்டு வேலைக்கு வரும் பெண் கையைப் பிடித்து அழைத்துப் போகிறாள். மற்ற நாள்களில் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கூரைகளுக்கு மேலே தெரியும் பதினொரு நிலைக் கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு உள்ளே வருகிறார்.